அலவாங்கு நுனி ஏன் வெடித்தது?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்டிருந்தார்: "மாமாவின் கம்மாலையில் அலவாங்கு நுனியைக் காய்ச்சித் தண்ணியில் தோய்த்தோம். கால் மணித்தியாலம் போக 'டிக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் நுனியில் மயிரிழை மாதிரி வெடிப்பு. கண்ணூறு என்கிறார் மாமா. நான் சிமுலேஷன் செய்து பார்த்தேன். மேற்பரப்பு அமுக்கத்தில்தான் இருக்கிறது, வெடிக்காது என்கிறது. எது பிழை?"

இரண்டும் பிழை. மாமாவின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சத்தம் கேட்ட நேரம் யார் வாசலில் நின்றாரோ அவர் தலையில் பழி விழுகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. சிமுலேஷனுக்கு வருவோம். தம்பியின் கணினியில் உருக்கு ஆறியது, ஆனால் மாறவில்லை.

ஆறுவது மட்டும் நடந்தால் கதை இப்படித்தான் போகும். வெளிப்புறம் முதலில் சுருங்கும். உள்ளே இன்னும் சூடாக, இளகலாக இருப்பதால் விட்டுக்கொடுக்கும். கடைசியில் உள்ளும் ஆறிச் சுருங்கும்போது வெளியை இழுத்து அமுக்கும். அமுங்கிய தோல் வெடிக்காது. சரி, கணக்கு சரிதான். உண்மை உருக்கில் இன்னொன்றும் நடக்கிறது.

850 பாகை செல்சியஸில் உருக்கு ஒஸ்டனைட்டாக இருக்கும். அதில் இரும்பணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் இருக்கும், காபன் இடுக்குகளில் கரைந்திருக்கும். மெல்ல ஆறவிட்டால் காபன் நகர்ந்து தனியே பிரிய நேரம் கிடைத்து, பேர்லைட் என்ற மென்மையான அமைப்பு உருவாகும். தண்ணியில் தோய்த்தால் அந்த நேரமில்லை. அப்போது நடப்பதுதான் என்னைப் பள்ளிக் காலத்திலிருந்து விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

இரண்டு ஒஸ்டனைட் கனசதுரங்களைப் பக்கத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். அவற்றுக்குள் உயரமான ஒரு பெட்டி ஏற்கனவே ஒளிந்திருக்கும். அதன் நடுவில் ஓர் அணு, எட்டு மூலைகளிலும் அணுக்கள். உயரம் அகலத்தைப் போல 1.41 மடங்கு. அந்தப் பெட்டியை மேலிருந்து ஏறக்குறைய 20 சதவீதம் அமுக்கி, பக்கவாட்டில் 13 சதவீதம் விரித்தால் சாதாரண வெப்பநிலை இரும்பின் கனசதுரம் வந்துவிடும். எந்த அணுவும் பக்கத்து அணுவை விட்டு ஓடவில்லை. எல்லாம் படையணி போல ஒன்றாக நகர்ந்தன. உலோகவியலாளர் எட்கர் பெய்ன் 1924இல் காட்டியது இதைத்தான். காபன் அணுக்கள் தப்பிக்க முடியாமல் அந்த உயரத் திசையிலேயே சிக்கிக்கொள்வதால் பெட்டி முழுதாக அமுங்குவதில்லை. அந்த இறுகிய அமைப்புத்தான் மார்ட்டென்சைட். கத்திக்கும் தாக்கத்திக்கும் கூர் நிற்பது அதனால்தான்.

இந்த மாற்றத்தில் உருக்கு பெருக்கிறது. 0.6 சதவீதம் காபன் உள்ள உருக்கில் கனவளவு 4 சதவீதத்துக்கு மேல் கூடும். ஆறியபோது சுருங்கிய நீளத்தில் பெரும்பகுதி இதில் திரும்பி வந்துவிடும். அலவாங்கின் நுனி மெல்லியது, அதனால் உள்வரை இறுகும். வெளித்தோல் முதலில் பெருத்து விறைத்துப்போகும். பிறகு உள்ளே பெருக்கத் தொடங்கும்போது தோலுக்கு இளக இடமில்லை. அது இழுவிசையில் மாட்டிக்கொள்கிறது. மார்ட்டென்சைட்டோ கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மையுள்ளது. அப்புறம் 'டிக்' சத்தம் கேட்கத்தானே செய்யும்?

இதைக் கணினிக்குச் சொல்ல ஒரு வரிச் சமன்பாடு போதும். கொய்ஸ்டினன், மார்பர்கர் இருவரும் 1959இல் தந்தது. மாற்றம் தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே எத்தனை பாகை இறங்கியிருக்கிறதோ அதை 0.011ஆல் பெருக்கி, அதன் எதிர்க்குறி அடுக்கை e-க்கு (2.718 என்ற கணித மாறிலி) இட்டு, 1இலிருந்து கழிக்க வேண்டும். நம் உருக்குக்கு அது ஏறத்தாழ 260 பாகையில் தொடங்கும் என்று வைத்தால், 250இல் 10 சதவீதம் மாறியிருக்கும், 150இல் 70, 30இல் 92. இந்தச் சமன்பாட்டில் நேரமே இல்லை, வெப்பநிலை மட்டும்தான்.

அதனால்தான் கணக்கின் நேரப்படியை, அதாவது கணினி ஒரு தடவைக்குத் தாண்டும் நேரத்தை, சின்னதாக வைக்க வேண்டும். ஒரு படிக்கு 5 பாகைக்கு மேல் விழ விடாதீர்கள். 200 பாகை ஒரே தாவலில் போனால் தோலும் உள்ளும் ஒன்றாக மாறியதாகக் கணினி நினைக்கும். எது முதல், எது பின் என்பது தொலைந்துபோகும். அது தொலைந்தால் விடையும் தொலைந்தது. கணக்குக்காக உருவத்தைப் பிரிக்கும் வலைக் கண்ணிகளும் மேற்பரப்பை அண்டி நெருக்கமாக இருக்க வேண்டும்.

மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை. பிரான்சின் மின்சார நிறுவனம் உருவாக்கிய கோட் ஆஸ்டர் இலவசம், உருக்கு மாற்றக் கணக்கும் அதற்குள்ளேயே உண்டு. பணம் தேவைப்படுவது தண்ணிக்குள் வெப்பம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளப்பதற்கு. தோய்த்தவுடன் ஆவிப்படலம் ஒன்று இரும்பைப் போர்த்திக்கொள்ளும். அது எப்போது கிழியும் என்பதைப் புத்தகத்திலிருந்து எடுக்க முடியாது. நுனியில் துளைபோட்டு வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி ஒன்றைச் செருகினால் தெரியும். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் ஒலுவிலில் பொறியியல் பீடம் இருக்கிறது, சுற்றிலும் கம்மாலைகள் இருக்கின்றன. பெரிய கணினிக்கு முன்னால் இந்தச் சின்ன அளவைக்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

தம்பி, அலவாங்கை இப்போதைக்கு விடுங்கள். விரல் தடிப்பில் ஓர் உருளையை எடுத்து, உள்வரை இறுகும் உருக்கு என்று வைத்து, இரண்டு முறை ஓட்டுங்கள். ஒருமுறை பெருக்கத்தைச் சேர்க்காமல், மறுமுறை சேர்த்து. மேற்பரப்புத் தகைப்பின் குறி அமுக்கத்திலிருந்து இழுவைக்கு மாற வேண்டும். மாறவில்லை என்றால் முதலில் நேரப்படியைப் பாருங்கள்.