மாடிப்படி முன்னால் மாடல் வைக்காதீர்கள்

இறுதியாண்டு மாணவர்களின் திட்டங்களை மதிப்பிடும் தீசிஸ் ஜூரிக்காக டெல்டாவில் உள்ள கட்டடக்கலைக் கல்லூரிகளுக்குப் போய்வருகிறேன். இந்த முறையும் மாணவர் கண்காட்சியில் அதே கதைதான். இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் இரு பக்கமும் மேசை, மேசை நிறைய மாணவர்கள் செய்த கட்டட மாடல்கள், மாடிப்படி திரும்பும் இடத்தில் ஆளுயர ஃப்ளெக்ஸ். கீழே இறங்க உடம்பைச் சாய்த்துத்தான் போக வேண்டியிருந்தது. கேட்டால், "ரெண்டு நாள்தானே சார், ஓரமாத்தானே வச்சிருக்கோம்" என்கிறார்கள். கட்டடம் கட்டச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில்!

இந்த 'ஓரமாத்தானே'தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. தாழ்வாரம் 2.4 மீட்டர் அகலம் என்று வையுங்கள். ஒரு பக்க மேசைக்கு 60 செ.மீ. போய்விட்டது. மாடலைப் பார்க்க வருபவர் மேசையை ஒட்டி நிற்பதில்லை. குனிவார், பின்னால் நகர்வார், செல்போனில் படம் எடுப்பார். அவருக்கு ஒரு மீட்டராவது வேண்டும். மிச்சம் 80 செ.மீ. இதில் இரு பக்கமும் மேசை போட்டால் நடுவில் 1.2 மீட்டர்தான், எதிரெதிரே பார்க்கிற இருவரின் முதுகும் இடித்துக்கொள்ளும், நடப்பதற்கு வழியே கிடையாது. அந்த 2.4 மீட்டரே தினமும் வருகிற கூட்டத்துக்குக் கணக்கிட்ட அகலம்தான். கண்காட்சி அன்றைக்குப் பெற்றோர், உறவினர், பள்ளி மாணவர்கள் என்று கூட்டம் ஏறுகிறது, அகலம் குறைகிறது. முதலாண்டு மாணவருக்கே தெரிந்த கணக்குதான்.

"கான்கிரீட் கட்டடம் சார், எரியாது" என்பது அடுத்த பதில். கட்டடம் எரியாது, சரி. உள்ளே வைத்திருப்பது? ஃபோம் போர்டு, பால்சா என்கிற லேசான மரம், ஃப்ளெக்ஸ், ஸ்ப்ரே பசை, மேசையை மூடிய துணி. அப்புறம் ஒரே பிளக்கிலிருந்து வாலாக நீளும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள். தெர்மோகோல் வகைகள் எரிந்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். நெருப்பு வந்து தொடுவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண் இது. அன்றைக்குப் பற்றியது கீற்றுக் கூரை என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

சிகாகோவில் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே ஒரு கட்டடக்கலைக் கல்லூரிக்காகக் கட்டிய கிரவுன் ஹாலை (1956) எல்லாரும் வகுப்பில் ஸ்லைடு போட்டுக் காட்டுகிறோம். தூணே இல்லாத 120 அடிக்கு 220 அடி கூடம் என்று வியந்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறோம். அந்தக் கூடத்தின் நடுப்பகுதியைக் கண்காட்சிக்கென்றே விட்டார்கள். இரு பக்கமும் வாசல். பார்ப்பவர் ஒருவர்கூட யாருடைய வழியையும் மறிக்க வேண்டாம்.

சரி, இருக்கிற கட்டடத்தை வைத்துச் செய்யக்கூடியது இதுதான். மாடிப்படி, படித்திருப்பம், வெளியேறும் கதவு, தீயணைப்பான் மாட்டிய சுவர் ஆகிய இடங்களில் எதையும் வைக்காதீர்கள். சின்ன வரைபட ஷீட்கூட வேண்டாம், ஏனென்றால் ஷீட் இருந்தால் ஆள் நிற்பார். தாழ்வாரத்தில் மேசையே வேண்டாம். மாடல்களை ஸ்டுடியோவுக்குள் வையுங்கள்; இரண்டு கதவு இருந்தால் இரண்டையும் பூட்டாமல் விடுங்கள். ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்இடி மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் சொருகாதீர்கள். ஸ்ப்ரே பசை டப்பாவுக்குக் கண்காட்சி அறையில் வேலை இல்லை.

இன்னொன்று. நவம்பரில் திறந்த தாழ்வாரத்தில் சாரல் அடிக்கும், மாடல் செய்கிற மவுண்ட் போர்டு அட்டை அப்பளமாக நெளியும். தஞ்சாவூர் நெட்டி வேலைக்காரர்கள் தக்கையில் பெரிய கோயிலைச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம்.

புதுக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கும் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். தரைத்தளத்தில் ஒரு கூடம், எதிரெதிர்ச் சுவர்களில் வெளிப்பக்கம் திறக்கிற இரண்டு கதவு, நேர்வெயில் படாத வெளிச்சம். இவ்வளவு போதும். தயவுசெய்து, இன்ஸ்பெக்ஷன் முடிந்த மறுவாரமே அதை ஸ்டோர் ரூமாக ஆக்கிவிடாதீர்கள்.