கெரான், மானியம், நல்கை

பினாங்கில் ஒருவர் ‘காடி கெரான்’ என்றால் வண்டியின் பதிவு ஆவணம். நில அலுவலகத்தில் கெரான் என்றால் காலவரையறை இல்லாத நிலப் பட்டா. 99 ஆண்டுக் குத்தகை நிலத்துக்கு அந்தப் பெயர் வராது. சங்கக் கூட்டத்தில் ‘கெரான் கிடைச்சிருச்சு’ என்றால் பணம். மூன்றும் ஆங்கில ‘கிராண்ட்’டின் மலாய் வடிவம்தான். அதன் வேர், நம்புதல் என்று பொருள்படும் லத்தீன் சொல். கிரெடிட் கார்டின் ‘கிரெடிட்’டும் அதே வேரில் முளைத்தது.

தமிழில் மானியம் என்று எழுதிவிடுகிறோம். வடமொழியில் ‘மான்ய’ என்றால் மதிப்புக்குரியது. கோயிலுக்கும் ஊர் ஊழியர்க்கும் வரியில்லாமல் விட்ட நிலமே பழைய மானியம். இன்று பெட்ரோல் மானியமும் மானியம், சங்கத்துக்கு வரும் பணமும் மானியம். முன்னது விலையைக் குறைக்கிறது. யாரும் கணக்குக் கேட்பதில்லை. பின்னது ஒரு வேலையை முடிக்கத் தருவது. ரசீதோடு கணக்கு ஒப்படைக்க வேண்டும். மலாய்க்காரர்கள் சுப்சிடி, கெரான் என்று தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். நாம்தான் குழப்பிக்கொள்கிறோம்.

வெளிநாட்டுச் செய்தியில் குழப்பம் இன்னும் கூடும். ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் தரும் வளர்ச்சி உதவிக்குத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காடு என்பது 1970இல் ஐ.நா. வைத்த இலக்கு. குட்டி நாடான லக்சம்பர்க் அதை 2000இல் எட்டி, பிறகு 1 விழுக்காட்டை ஒட்டியே கொடுத்துவருகிறது; நூறு வெள்ளிக்கு ஒரு வெள்ளி. அங்கே 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற தொண்டு அமைப்பின் திட்டச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கும். மீதியை அமைப்பே திரட்ட வேண்டும். இதை மானியம் என்றால் விலைச் சலுகை என்றுதான் படும்.

சரியான சொல் நல்கை. நல்கு என்றால் விரும்பிக் கொடு. பல்கலைக்கழக நல்கைக் குழு என்ற வழக்கு தமிழகத்தில் ஏற்கெனவே உண்டு. (வறுமையைக் குறிக்கும் நல்குரவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!) லக்சம்பர்க் முறையை இணை நல்கை எனலாம். அமைப்பின் விருப்பப்படி செலவிடத் தருவது பொது நல்கை. இன்னதற்கு மட்டும் என்று தருவது குறித்த நல்கை. பின்னதற்கான ஆங்கிலச் சொல் ‘இயர்மார்க்’, ஆடுமாடுகளின் காதில் உரிமையாளர் வெட்டும் அடையாளம்.

பலர் தவறுவது இங்கேதான். 10,000 வெள்ளியில் பயிற்சிக்கு 7,000, கருவிக்கு 3,000 என்று குறித்திருக்கிறது. கருவி 2,200க்கே கிடைத்தது. மிச்சம் 800ஐப் பயிற்சிச் சாப்பாட்டில் சேர்த்தாயிற்று. ரசீது எல்லாம் சுத்தமாக இருந்தாலும் தணிக்கையில் அந்த 800 ஏற்கப்படாமல் நிற்கும். செலவழிக்கும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பிறகு எழுதும் விளக்கக் கடிதத்துக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், திருப்பிக் கட்டு.