காரப்போலி: சாம்பலில் பிறந்த மருந்துச் சொல்

சதையிப் புற்றுநோயைப் பற்றித் தமிழில் எழுதுவோர் 'அல்கலொயிட்' என்ற சொல்லை எப்படியும் சந்திக்க நேரும். பெரும்பாலும் தாவரங்களில் காணப்படும், நைதரசன் கொண்ட, காரத்தன்மையுள்ள சேர்வைகளுக்கு அது பெயர். அந்நோய்க்குக் கொடுக்கப்படும் இரினோட்டீக்கன் என்னும் மருந்து, சீனத்து மரமொன்றிலிருந்து வோல், வானி ஆகியோர் 1966இல் பிரித்தறிந்த கம்ப்டொதெசின் என்ற அல்கலொயிட்டின் வழிவந்தது. (தமிழகத்தார் கணையம் என்பதை நாம் சதையி என்கிறோம், 'முழுவதும் சதை' என்ற கிரேக்கப் பெயருக்கு நம் சொல்லே நெருக்கமானது.)

அரபு மொழியில் 'அல்-கலி' என்பது, உமரிக்கு உறவான உவர்நிலச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பல். சவர்க்காரம் காய்ச்சப் பயன்பட்ட அச்சாம்பலின் பெயரோடு, 'வடிவொத்தது' எனப் பொருள்படும் கிரேக்க ஈற்றைச் சேர்த்து, 1819இல் ஜேர்மன் மருந்தாளர் மைஸ்னர் இச்சொல்லை ஆக்கினார்.

காரப்போலி என்பதே இதற்குரிய தமிழ்: 'அல்கலி'க்குக் காரம், 'வடிவொத்தது' என்பதற்குப் போலி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மிளகாயின் சுவையை உறைப்பு என்றே சொல்வதால், காரம் என்றவுடன் நம் மாணவருக்கு வேதியியற் பொருள் மயக்கமின்றி விளங்கும். தயக்கம் 'போலி' என்பதில்தான் எழுகிறது: புற்றுநோயாளியின் காதில் அது கள்ள மருந்து என்று விழுந்துவிடலாம். ஆயினும் அறம் அறன் என நிற்பதைக் கடைப்போலி என்கையில் நாம் பொய்யைச் சுட்டுவதில்லை, ஒப்புமையையே சுட்டுகிறோம். கம்ப்டொதெசினுக்கோ இப்பெயர் மிகவும் பொருந்தும். அதன் காரத்தன்மை மிக மிகக் குறைவு. காரைதீவில் பிறந்து சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகளின் மண்ணில், இத்தகைய சொல்லை அச்சத்தால் கைவிடுவது எனக்கு ஏற்புடையதன்று.

இரினோட்டீக்கன், கலத்தின் மரபிழை (டி.என்.ஏ.) முறுக்கவிழ உதவும் நொதியத்தை இழையோடு பூட்டிவிடுவதால், பெருகும் புற்றுக்கலம் இழை அறுந்து மடிகிறது. அதையும் உள்ளடக்கிய நான்கு மருந்துச் சேர்க்கை, பரவிய சதையிப் புற்றில் இடைநிலை வாழ்காலத்தை (நோயாளருள் பாதிப்பேர் உயிரோடிருந்த கால அளவை) 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாக உயர்த்தியதாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. குணமன்று, காலநீட்சி, அதுவும் பெரிது.

நம் முற்றத்துப் பட்டிப்பூவிலும் காரப்போலிகள் உண்டு. அவற்றுள் ஒன்றான வின்கிறிஸ்டீன் குருதிப் புற்றுக்குப் பயன்படுகிறது, சதையிப் புற்றுக்கன்று. இலையை அவித்துக் குடிப்பதோ நஞ்சுண்பதாகும். ஆகவே நோயாளருக்கான தாளில் 'காரப்போலி' என்று சேர்த்தே எழுதி, 'தாவரத்திலிருந்து பிரித்து, ஆய்வுகூடத்தில் திருத்தி, அளவறிந்து ஏற்றப்படும் மருந்து' என்ற விளக்கத்தையும் அடுத்த வரியிலேயே தர வேண்டும்.