படிவத் தொகுப்பி அல்ல, வடிவ நிரல்பெயர்ப்பி

'ஃபார்ம் கம்பைலர்' என்பதைப் 'படிவத் தொகுப்பி' என்று இன்னொரு கட்டுரையிலும் பார்த்துவிட்டேன். விண்ணப்பப் படிவங்களை அடுக்கிக் கட்டிவைக்கும் கருவி என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

இங்கே ஃபார்ம் என்பது கணித வடிவம். பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டைச் 'சோதனைச் சார்பு' எனும் துணைச் சார்பால் பெருக்கித் தொகையிட்டால் கிடைப்பது. இத்தகைய சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும் ஃபெனிக்ஸ் மென்பொருளில் அதைத் தாளில் எழுதுவதுபோலவே பைத்தானில் எழுதலாம். பாய்சான் சமன்பாட்டின் இடப்பக்கத்துக்கு ஒரே வரி போதும். அதை வாங்கிச் சி மொழி நிரலாக்கித் தருவது ஃபார்ம் கம்பைலர். முன்பெல்லாம் கையால் எழுதி, நாள்கணக்கில் பிழை தேடிய நிரல் அது.

லத்தீனில் 'கம்பிலாரே' என்றால் கொள்ளையடித்தல்; பிறகு பல இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்தல். 1952-இல் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரின் ஏ-0 என்ற கம்பைலர் உண்மையிலேயே துணைநிரல்களை எடுத்துக் கோத்தது. அன்றைக்குத் 'தொகுப்பி' சரி. அப்புறம் வேலை மாறி, ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழி நிரலாக்குவது என்றாகிவிட்டது. ஆங்கிலத்தில் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்தப் பழைய பொருளை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

மூலச்சொல்லுக்கு நெருக்கம் என்று வாதிடுவோர் ஃபெனிக்ஸ் பயன்படுத்தும் ஃபைனைட் எலிமென்ட் முறைக்குள் வந்து பார்க்கட்டும். பரப்பைச் சிறு துண்டுகளாக, அதாவது கூறுகளாக, வெட்டிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறை அது. மெஷ் எனும் அந்தத் துண்டுகளின் வலையில் பத்தாயிரம் முக்கோணங்கள் என்று வைத்துக்கொள்வோம். எளிய நேரியல் கூறு என்றால் ஒவ்வொன்றுக்கும் 3×3 சிற்றணி, அதாவது சிறிய மேட்ரிக்ஸ். அதன் 9 எண்களையும் முழு மெஷ்ஷுக்குமான பெரிய மேட்ரிக்ஸில் உரிய இடங்களில் கூட்டிச் சேர்க்க வேண்டும். இதன் பெயர் அசெம்பிளி. தொகுத்தல் என்றால் இதுதான் தொகுத்தல்! ஃபார்ம் கம்பைலரோ ஒரு முக்கோணத்தின் சிற்றணியைக் கணக்கிடும் நிரலை எழுதித் தருகிறது, அவ்வளவுதான். அதற்குத் 'தொகுப்பி' என்ற பெயரைக் கொடுத்துவிட்டால் அசெம்பிளியை என்னவென்று சொல்வது? நான் படித்த கட்டுரை அதையும் 'தொகுப்பு' என்றே எழுதி, இரண்டு வேலைகளையும் ஒன்றாக்கிவிட்டது. போதாததற்கு டெக்ஸ்ட் எடிட்டரையும் 'உரைத் தொகுப்பி' என்கிறார்கள்.

'நிரல்பெயர்ப்பி' ஏற்கெனவே புழங்கும் நல்ல சொல். பெயர்த்தல் என்றால் ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தல். மொழிபெயர்ப்பில் இருக்கும் அதே வேர். நீளம் என்கிறார்கள். 'மொழிபெயர்ப்பாளர்' அதைவிட நீளம், யாரும் அதைக் குறுக்கவில்லையே.

அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம்தான் இத்தனைக்கும் காரணம். கருவியை ஒருமுறை ஓட்டி, ஒரு வரிச் சூத்திரம் உள்ளே போய்ச் சி நிரல் வெளியே வருவதைப் பார்த்தவர் அதைத் தொகுப்பி என்று எழுதியிருக்க மாட்டார்.