பக்க அளவுகள் சரி, ஆனால் செவ்வகம்தானா?

40 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட கட்டடத்துக்கு மனையில் முளையடித்து நூல் பிடித்தாயிற்று. நான்கு பக்கங்களையும் அளந்தால் 40, 30, 40, 30 என்று பிழையின்றி இருக்கின்றன. ஆயினும் அது செவ்வகம் என்று இன்னும் சொல்ல இயலாது. பக்க நீளங்கள் மாறாமலே மூலைகள் சாய்ந்து, செவ்வகம் இணைகரமாகிவிடக்கூடும். முக்கோணத்துக்கு இந்த நெகிழ்வு கிடையாது. மூன்று பக்கங்களும் முடிவானால் கோணங்களும் முடிவாகிவிடுகின்றன. ஆகவேதான் மூலைக்கு மூலை அளந்து, நாற்கரத்தை முக்கோணங்களாக்கிப் பார்க்கிறோம்.

எதிர்ப்பக்கங்கள் சமமாக உள்ள நாற்கரத்தில் இரு மூலைவிட்டங்களும் சமமானால், ஒரே நீளப் பக்கத்தை அடியாகக் கொண்ட இரு முக்கோணங்கள் கிடைக்கும். அடிப்பக்கம் பொது, அகலங்கள் சமம், மூலைவிட்டங்களும் சமம் என்பதால் அவை சர்வசமமானவை. எனவே அந்த அடிப்பக்கத்தின் இரு முனைக் கோணங்களும் சமம். இணைகரத்தில் அடுத்தடுத்த கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதால் ஒவ்வொன்றும் 90 பாகையாகத்தான் இருக்க முடியும். எதிர்ப்பக்கங்களை அளக்காமல் மூலைவிட்டங்களை மட்டும் நம்புவதும் தவறு; இருசமபக்கச் சரிவகத்திலும் அவை சமமாகவே இருக்கும்.

இந்தச் சோதனையின் கூர்மை வியப்புக்குரியது. நம் மனையில் மூலை 1 பாகை மட்டுமே பிசகினால், பரப்பு 1200 சதுர அடியிலிருந்து ஏறத்தாழ 0.2 சதுர அடிதான் குறைகிறது. ஆனால் மூலைவிட்டங்களில் ஒன்று 50.42 அடியாக நீள, மற்றொன்று 49.58 அடியாகச் சுருங்குகிறது. வேறுபாடு சுமார் 10 அங்குலம். சிறிய மூலைமட்டத்தில் கண்ணுக்குத் தப்பக்கூடிய சாய்வு, அளவு நாடாவில் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

சரியான மூலைவிட்டம் எவ்வளவு என்பதற்கும் விதி உண்டு. மூலைவிட்டத்தின் மேல் வரையும் சதுரத்தின் பரப்பு, நீளத்தின் மேலும் அகலத்தின் மேலும் வரையும் சதுரப் பரப்புகளின் கூடுதலுக்குச் சமம். வேள்விமேடைகளை அமைக்கும் முறைகளைக் கூறும் பௌதாயனரின் சுல்ப சூத்திரம் இதைச் செவ்வகத்துக்கான விதியாகவே சொல்கிறது. 1600, 900 ஆகியவற்றின் கூடுதல் 2500; அதன் வர்க்கமூலம் 50. பக்கம் 10 அடியான சதுரத்துக்கோ மூலைவிட்டம் முழு எண்ணாக அமையாது. சுமார் 14 அடி 1.7 அங்குலம் வரும்.

பிசகு தெரிந்தபின் ஒரு முளையை மட்டும் நகர்த்தினால் பக்க அளவு கெட்டுவிடும். ஒரு நீளப் பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தின் இரு முளைகளையும் அதே நீளவாக்கில், நீண்ட மூலைவிட்டம் குறையும் திசையில், சேர்த்து நகர்த்த வேண்டும். மேற்கண்ட 10 அங்குல வேறுபாடு மறைவதற்கு 6 அங்குலத்துக்குச் சற்று மேலான நகர்வு போதும்.