மரதன் ஓடுற மனுசிக்குத் தண்ணிப் போத்தலோட நிக்கிறவைக்கு

வீட்டில ஒராள் நீண்டதூரம் ஓட வெளிக்கிட்டா மற்ற ஆளுக்கு முதல்ல வாற யோசனை தண்ணி. பெரிய போத்தல் ஒண்டில ஐஸ் போட்டுக்கொண்டு போய் சுதந்திர சதுக்கத்தில நிண்டு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் "குடியுமப்பா, குடியும்" எண்டு நீட்டுறது. அன்புதான். ஆனா கொழும்பில முதல் பிரச்சினை சூடு, தண்ணிக் கதை அதுக்குப் பிறகுதான்.

சின்னக் கணக்கு ஒண்டு பாப்பம். ஓடேக்க ஒரு கிலோ நிறைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ ஆள் 15 கிலோமீட்டர் ஓடினா 900. தசை அதில கால்வாசியைத்தான் வேலையா மாத்தும், மிச்சம் முக்கால்வாசியும் சூடாத்தான் வரும், அந்தச் சூடு எப்பிடியாவது வெளிய போயே ஆகவேணும். 60 கிலோ உடம்பு ஒரு பாகை சூடாக 50 கிலோகலோரி காணும், அப்ப சூடு வெளிய போகாட்டி கிலோமீட்டருக்கு ஒரு பாகை மட்டில ஏறும், வெள்ளவத்தையில தொடங்கி மரைன் டிரைவால கொள்ளுப்பிட்டிக்கு வாறதுக்கிடையில உடம்பு 40ஐத் தாண்டியிருக்கும்.

தாண்டாம இருக்கிறதுக்குக் காரணம் வேர்வை. ஒரு லீற்றர் வேர்வை ஆவியாகேக்க 580 கிலோகலோரி அளவு சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானாத்தான். மூக்கு நுனியால சொட்டி ரோட்டில விழுற வேர்வை உடம்பைக் குளிராக்காது, தண்ணியையும் உப்பையும் இழந்ததுதான் மிச்சம். கொழும்பில விடிய 5 மணிக்கு 25, 26 பாகைதான் இருக்கும், ஆனா ஈரப்பதன் 90 வீதத்துக்குக் கிட்ட நிக்கும், மழைநாளில கொடியில போட்ட உடுப்பு காயாத மாதிரி வேர்வையும் காயாது.

அப்ப ஈரப்பதன் குறைஞ்ச பிறகு 9 மணிக்கு ஓடலாமே எண்டு சில பேர் கேப்பினம். ஃபோனில 70 வீதம் எண்டு காட்டும்தான், ஆனா காத்தில இருக்கிற நீராவி பெரும்பாலும் அதே அளவுதான், வெப்பநிலை ஏறினதால வீதம் குறைஞ்சு தெரியுது, அதுக்கு மேல வெயில் வேற. வானிலை ஆப்பில பனிபடுநிலை (dew point) எண்டு ஒண்டு இருக்கும், காத்தில இருக்கிற நீராவி பனியாப் படியத் தொடங்கிற வெப்பநிலை அது, அதைப் பாருங்கோ, அது கூடக் கூட வேர்வை காயிறது கஷ்டம், கொழும்பில வருசத்தில கனநாள் 23, 24 பாகை எண்டுதான் நிக்கும். வேர்வை காயுமோ காயாதோ எண்டு ஈரப்பதன் வீதத்தை விட அது வடிவாச் சொல்லும்.

சூடு கூடினா இதயம் தசைக்கும் ரத்தம் அனுப்பவேணும், தோலுக்கும் அனுப்பவேணும், அதால அதே வேகத்தில ஓடினாலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே கனடாவில இருக்கிற மச்சான் ஒக்டோபர் குளிரில ஓடின டைமை எடுத்து வந்து உங்கட மனுசியின்ர டைமோட ஒப்பிடாதேங்கோ. இதுவும் சப்போர்ட்தான், காசு செலவில்லாதது.

இனித் தண்ணிக்கு வருவம். கூடக் குடிச்சாலும் ஆபத்து எண்டது கனபேருக்குத் தெரியாது. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதன் முடிவில 488 பேரின்ர ரத்தத்தைச் சோதிச்சிச்சினம், 13 வீதமான ஆக்களுக்கு சோடியம் இருக்கவேண்டிய அளவை விடக் குறைவு, அதில கனபேர் ஓடி முடிக்கேக்க தொடங்கினதை விட நிறை கூடி நிண்டவை. அதாவது வேர்வையில போனதை விடக் கூடக் குடிச்சிருக்கினம். சோடியம் நல்லா இறங்கினா மூளை வீங்கும், தலையிடி, சத்தி, வலிப்பு, சில நேரம் உயிராபத்து. மெதுவா ஓடுறவைக்கும் சின்ன உடம்புக்காரருக்கும்தான் இந்த ஆபத்து கூட, ஏனெண்டா றோட்டில நிக்கிற நேரமும் கூட, வழியில நீட்டப்படுற போத்தலும் கூட.

அதால போத்தலை விட நிறை பாக்கிற மெசின் உதவும். ஓடப்போக முதலும் வந்த பிறகும், வேர்வையைத் துடைச்சுப்போட்டு நிறை பாக்கச் சொல்லுங்கோ. ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லீற்றர் மட்டில போயிருக்கு. கொஞ்சம் குறைஞ்சு வாறது சாதாரணம், கூடி வந்தாத்தான் யோசிக்கவேணும். மற்றபடி தாகத்துக்குக் குடிச்சாக் காணும்.

தம்பிலி (செவ்விளநீர்) நல்லதுதானே எண்டுவியள். நல்லதுதான், ஆனா அதில கூட இருக்கிறது பொட்டாசியம், வேர்வையில கூடப் போறது சோடியம். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு வயித்தோட்டத்துக்குக் குடிக்கிற ஜீவனி அதை விடப் பொருத்தம், குடல் சுவரில சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளெடுக்கிற ஒரு புரதம் இருக்கு, அதுகளுக்குப் பின்னால தண்ணியும் போகும். ஜீவனி இல்லாட்டி தம்பிலியோட உப்புப் பிஸ்கட் நாலு குடுத்தாலும் சரி.

ஓடுறதுக்கு முதல் நாள் ராச்சாப்பாடு உங்கட பொறுப்பெண்டா இடியப்பமும் உறைப்புக் குறைஞ்ச சொதியும் காணும். ஓடேக்க குடலுக்குப் போற ரத்தம் குறையும், கட்டச்சம்பலும் பருப்பும் அப்ப வேலை காட்டும். மாச்சத்து தசையில கிளைக்கோஜனா சேரேக்க ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வைக்கும், அதால அடுத்த நாள் நிறை அரைக் கிலோ, ஒரு கிலோ கூடித் தெரியும். அது கொழுப்பில்ல, பகிடி பண்ணவேண்டாம்.

இது மட்டும் மறக்கவே கூடாது. ஓடி வந்த ஆள் தள்ளாடினா, கதை குழறினா, இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேட்டா மாறிச் சொன்னா, வேர்த்துக்கொண்டு இருந்தாலும் அது வெப்பத்தாக்கமா இருக்கலாம். 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்காம உடன குளிராக்குங்கோ, ஐஸ் தண்ணித் தொட்டி கிடைச்சா கழுத்து வரைக்கும் இறக்கி, தலை தாழாமப் பிடிச்சுக்கொள்ளுங்கோ, இல்லாட்டி உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி, ஐஸ் துவாய் போட்டு, விசிறுங்கோ. ஆள் மயங்கியிருந்தா வாயில ஒண்டும் ஊத்தவேண்டாம்.

இன்னொண்டு, கொழும்பில பிறந்த உடம்பெண்டாலும் நாள் முழுக்க ஏசி ஒஃபிசில இருந்தா வெக்கையில ஓடுறதுக்குப் பழகியிருக்காது. தினமும் ஒரு மணித்தியாலம் மட்டில வெக்கையில வேர்க்க ஓடினா 10, 14 நாளில ரத்தத்தின்ர நீர்ப்பகுதி கூடும், வேர்வை முந்தியே தொடங்கும், அதில உப்பும் குறையும். விட்டா மூண்டு நாலு கிழமையில பெரும்பகுதி போயிடும். அதால லண்டன் கலியாணத்துக்குப் போய் ஒரு மாசம் நிண்டுட்டு வந்தா, முதல் ரெண்டு கிழமைக்கு 5, 6 கிலோமீட்டரோட நிப்பாட்டச் சொல்லுங்கோ, ஏசினாலும் பரவாயில்ல.