டிரான்ஸ்பார்மரில் கசியும் காந்தப்பாயம்: இல்லாத மின்தூண்டியை ஏன் வரைகிறோம்?

டிரான்ஸ்பார்மரின் சமான மின்சுற்றில் (அதன் நடத்தையைக் கணக்கிட வரையும் எளிய மாதிரிச் சுற்று) முதன்மைச்சுருளோடு தொடராக ஒரு மின்தூண்டி, துணைச்சுருளோடு இன்னொன்று வரைவோம். பெட்டியைத் திறந்து பார்த்தால் அப்படி ஒன்றும் இருக்காது. அப்புறம் எதைத்தான் வரைகிறோம்?

காந்தப்பாயத்தில் பெரும்பங்கு இரும்பு உள்ளகம் வழியே ஓடி இரண்டு சுருள்களையும் பிணைக்கிறது. மீதி கொஞ்சம் இரும்பை விட்டு விலகி, சுருள்களுக்கு நடுவே உள்ள எண்ணெய் அல்லது காற்று வழியாகத் திரும்பி, ஒரு சுருளோடு மட்டும் நின்றுவிடுகிறது. அந்தப் பாதையில் காற்றுதான் பெரும் தடை என்பதால் பாயம் மின்னோட்டத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், இரும்பைப் போலத் தெவிட்டாது (ஒரு அளவுக்கு மேல் பாயம் ஏற மறுப்பதே தெவிட்டல்). மாறாத மதிப்புள்ள ஒரு மின்தூண்டி நடந்துகொள்வதும் அப்படியேதான்.

அதன் மதிப்பைக் கணக்கிடும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிய இரு சுருள்களில், உள்சுருளின் உட்பக்கம் கசிவின் காந்தப்புலம் பூஜ்யம், அதன் கனத்தைக் கடக்கக் கடக்க நேர்கோடாக ஏறி, இடைவெளியில் சமமாக நின்று, வெளிச்சுருளில் அதேபோல இறங்குகிறது. தூண்டலைத் தருவது புலத்தில் சேரும் ஆற்றல்; அந்த ஆற்றல் புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அப்படி ஏறும் கோட்டின் வர்க்கச் சராசரி உச்சத்தின் வர்க்கத்தில் 1/3. அதனால் இடைவெளியை முழுதாகவும் சுருள்களின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் போதும். இடைவெளி 30 மி.மீ., சுருள்கள் தலா 45 மி.மீ. என்றால் 30+15+15, ஆக 60 மி.மீ.; கசிவின் பாதி செம்பு இருக்கும் இடத்துக்குள்ளேயே இருக்கிறது! இதைச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தாலும் சராசரிச் சுற்று நீளத்தாலும் பெருக்கி, சுருளின் உயரத்தால் வகுத்து, μ₀-ஆல் (வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறன் என்னும் மாறிலி) பெருக்கினால் தூண்டல் கிடைக்கும்.

சரி, அளப்பது எப்படி? துணைச்சுருளின் இரு முனைகளையும் நேரடியாகக் குறுக்கிணைத்து, டிரான்ஸ்பார்மருக்கு விதித்த முழு மின்னோட்டம் ஓடும்வரை மறுபக்கம் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்ற வேண்டும். 11,000 வோல்ட் சுருளுக்கு 550 வோல்ட் தேவைப்பட்டால் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு டிரான்ஸ்பார்மர் காட்டும் மொத்தத் தடை) 5%. முழு மின்னழுத்தத்தில் அதே குறுக்கிணைப்பு நேர்ந்தால் 20 மடங்கு மின்னோட்டம் பாயும், அதற்கு மேல் போகாமல் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு இந்தக் கசிவுக்குத்தான்.

ஆனால் இந்தச் சோதனை தருவது கூட்டுத்தொகையை மட்டும். அதை இரு சுருளுக்கும் ஆளுக்குப் பாதி என்று பிரிப்பது வசதிக்காக நாம் செய்வது. சாதாரணச் சுமையில் அதனால் கெடுதல் இல்லை, உள்ளகம் தெவிட்டும் நேரத்தில்தான் பிரிவினை தப்பாகப் போகும். 1949-இல் பிரிட்டிஷ் பொறியாளர் காலின் செர்ரி காந்தப் பாதைகளின் அமைப்பிலிருந்தே மின்சுற்றை வருவிக்கும் வழியைக் காட்டினார். அப்படி வரைந்தால் கசிவு நடுவில் ஒரே மின்தூண்டியாக நிற்கும், இரும்பின் கிளைகள் அதன் இரு பக்கமும் வரும்.